குதிரைத்திறன் எத்தனை நிமிடத்துக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பின் வாகனப் பக்கத்தில் ஜாகுவார் சி-எக்ஸ்75 கான்செப்ட் காரைப் பற்றி, அதாவது கண்காட்சிக்காகச் செய்து காட்டிய மாதிரி வண்டியைப் பற்றி, அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். தமிழ் ஏட்டில் இப்படிப்பட்ட காருக்கு அவ்வளவு இடம் கிடைத்ததே பெரிய விஷயம். எங்கள் பட்டறைப் பையன்கள் படத்தைக் கத்தரித்து, ஏர்கோன் கேஸ் தோம்பு நிற்கும் சுவரில் ஒட்டிவிட்டார்கள். அதுவரை சந்தோஷம். ஆனால் ‘ஜெட் எஞ்சினில் ஓடும் கார்’ என்று தலைப்பு வைத்து, 780 குதிரைத்திறன், 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 3.4 விநாடி, உச்ச வேகம் 330 என்று மூன்று எண்களோடு கட்டுரையை முடித்துவிட்டீர்களே, அங்கேதான் எனக்குக் குறை.

நான் கோலாலம்பூர் செந்தூலில் வயரிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், ஏர்கோன் என்று ஆரம்பித்த கடை. எஞ்சினும் பேட்டரியில் ஓடும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் கார்களுக்கு அரசாங்கம் இறக்குமதி வரியையும் கலால் வரியையும் தள்ளுபடி செய்திருந்த காலம் ஒன்று இருந்ததே, 2013 கடைசியோடு முடிந்தது, அப்போது ஆசையாக வாங்கிய வண்டிகளுக்கெல்லாம் வயதாகி எங்களைப் போன்ற சின்னக் கடைகளுக்கு வர ஆரம்பித்த பிறகு, என் வேலை பெரும்பாலும் பின்சீட்டுக்கு அடியில் இருக்கும் பேட்டரிப் பெட்டியோடுதான். அதனால் ஒரு ஹைப்ரிட் காருக்கு இத்தனை குதிரைத்திறன் என்று யாராவது எழுதினால், ‘எவ்வளவு நேரத்துக்கு?’ என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றும். உங்கள் கட்டுரையில் அதற்குப் பதில் இல்லை. கார் கம்பெனிகளும் அதைத் தாமாகச் சொல்வதில்லை.

முதலில் ஜெட் விஷயம். 2010 பாரிஸ் மோட்டார் கண்காட்சியில், கம்பெனியின் 75ஆம் ஆண்டுக்காக ஜாகுவார் காட்டிய அந்தக் காரில் இரண்டு சின்ன கேஸ் டர்பைன்கள், அதாவது எரியும் வாயுவின் வேகத்தில் விசிறி போல் சுற்றும் எஞ்சின்கள், இருந்தது உண்மை. பிளேடன் ஜெட்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் செய்தவை, நிமிடத்துக்கு 80,000 சுற்று சுற்றுபவை. ஆனால் அவற்றுக்கும் சக்கரங்களுக்கும் நடுவில் ஒரு தண்டும் கிடையாது, ஒரு பல்சக்கரமும் கிடையாது. டர்பைன் ஜெனரேட்டரைச் சுற்றும், ஜெனரேட்டர் மின்சாரம் தரும், அவ்வளவுதான். காரை இழுப்பது சக்கரத்துக்கு ஒன்றாக வைத்த நான்கு மின்மோட்டார்கள். ஒவ்வொன்றும் 145 கிலோவாட், நான்கையும் கூட்டினால் 580. நீங்கள் எழுதிய 780 குதிரைத்திறன் அந்த நான்கு மோட்டார்களின் கூட்டுத்தொகை. பையன்களில் ஒருவன், “அப்ப பின்னால நெருப்பு வராதா அண்ணே?” என்று கேட்டான். வராது தம்பி.

டர்பைனைக் காரில் வைப்பது புதிய யோசனையும் கிடையாது. ரோவர் நிறுவனம் 1950இலேயே ஜெட்1 என்று ஒரு டர்பைன் கார் ஓட்டிக் காட்டியது. 1960களில் கிரைஸ்லர் ஐம்பது டர்பைன் கார்களைப் பொதுமக்களிடம் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னது. இரண்டும் நிலைக்கவில்லை. டர்பைனுக்குப் பிடித்தது ஒரே வேகத்தில் நின்று சுற்றுவது. நகர நெரிசலில் காலை அழுத்தி, விட்டு, அழுத்தி ஓட்டினால் அது தாமதமாகத்தான் கேட்கும், சும்மா நிற்கும்போதும் எண்ணெயைக் குடிக்கும். அதை நேராகச் சக்கரத்தோடு கட்டிய வரைக்கும் இந்தக் குறை தீரவில்லை. ஜாகுவார்காரர்கள் செய்த கெட்டிக்காரத்தனம், டர்பைனைச் சக்கரத்திலிருந்து பிரித்து ஜெனரேட்டரோடு மட்டும் கட்டியது. அப்போது அது தனக்குப் பிடித்த வேகத்திலேயே சுற்றலாம். நெரிசலின் ஏற்ற இறக்கத்தைப் பேட்டரி பார்த்துக்கொள்ளும். பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, எடையும் குறைவு. பொறியியல் படித்தவன் இல்லை நான். ஆனாலும் ஒரு பட்டறைக்காரன் கண்ணுக்கு அந்தக் காரில் மிக அழகான இடம் இதுதான். கட்டுரையில் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். கவலை வேண்டாம், வகுத்தல் ஒன்றுதான். டர்பைன் ஒவ்வொன்றும் தருவது 70 கிலோவாட், இரண்டும் சேர்ந்து 140. மோட்டார்கள் முழு மூச்சில் கேட்பது 580. மீதி 440 கிலோவாட்டும் பேட்டரியிலிருந்து வர வேண்டும். அதன் பேட்டரி 19.6 கிலோவாட்-மணி, அதாவது 19.6 கிலோவாட்டை ஒரு மணி நேரம் தரக்கூடிய அளவு. 19.6ஐ 440ஆல் வகுத்து நிமிடமாக மாற்றிப் பாருங்கள், ஏறத்தாழ 2 நிமிடம் 40 விநாடி வரும். அதுவும் பேட்டரியைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சலாம், வழியில் எதுவும் சூடாக வீணாகாது என்று தாராளமாக வைத்துக்கொண்டால். நிஜத்தில் எந்தக் கம்பெனியும் பேட்டரியை அடிமட்டம் வரை காலி செய்ய விடாது.

அதற்குப் பிறகு? 140 கிலோவாட், குதிரைத்திறனில் சொன்னால் ஏறத்தாழ 190. நல்ல சக்திதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது 780 ஆகாது. செப்பாங் ஓட்டப்பந்தயத் தடம் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். அங்கே வளைவில் காலை எடுக்கும்போது கொஞ்சம் மின்சாரம் திரும்பி வரும், பிரேக் பிடிக்கும்போது இன்னும் கொஞ்சம் வரும், அதனால் 2 நிமிடம் 40 விநாடியோடு கார் படுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சில சுற்றுகளுக்குப் பிறகு ஓட்டுபவர் கையில் இருப்பது கண்காட்சி அட்டையில் எழுதியிருந்த கார் இல்லை.

செப்பாங் என்றதும் 2009 மலேசிய கிராண்ட் பிரீ எஃப்1 (ஃபார்முலா ஒன்) பந்தயம் ஞாபகம் வருகிறது. மழை கொட்டிப் பந்தயத்தைப் பாதியில் நிறுத்தி, 31 சுற்றுக் கணக்கை வைத்து, வென்ற ஜென்சன் பட்டனுக்குப் பாதிப் புள்ளி கொடுத்தார்களே, அதே பந்தயம். எஃப்1இல் பிரேக் சக்தியைச் சேமித்துத் திருப்பிக் கொடுக்கும் கேர்ஸ் கருவி அறிமுகமான ஆண்டும் அதுதான். அதன் விதி எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அதில் ஒளிவு மறைவு இல்லை: 60 கிலோவாட், ஒரு சுற்றுக்கு 400 கிலோஜூல், அதாவது ஏறத்தாழ 6.7 விநாடி. எவ்வளவு, எத்தனை நேரம், இரண்டும் ஒரே வரியில். பந்தயக்காரர்கள் அப்படி வெளிப்படையாகச் சொன்ன விஷயத்தைக் கண்காட்சி மேடையில் பாதியாக்கிவிடுகிறார்கள். 80 குதிரைத்திறன் கூடுதல் என்று பெரிய எழுத்தில் வரும், ஆறு விநாடி காணாமல் போகும்.

சி-எக்ஸ்75 பிறகு என்ன ஆனது என்பதையும் கட்டுரை சொல்லவில்லை; படித்தவர்கள் அது எங்கோ விற்பனையில் இருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். 2011இல் வில்லியம்ஸ் எஃப்1 அணியோடு சேர்ந்து 250 கார்கள் செய்து விற்கப் போவதாக ஜாகுவார் அறிவித்தது. டர்பைன் அப்போதே கைவிடப்பட்டது. அதன் இடத்தில் 1.6 லிட்டர் நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், டர்போவும் சூப்பர்சார்ஜரும் இரண்டும் பூட்டி, 500 குதிரைத்திறன் அளவுக்கு முறுக்கியிருந்தார்கள். 2012 டிசம்பரில், பொருளாதாரம் சரியில்லை என்று திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். செய்து முடித்த சோதனை வண்டிகள் சில மிச்சம். “படத்துல ஓடுச்சே அண்ணே, நான் பார்த்தேனே” என்றான் இன்னொருவன். ஹாலிவுட் படமொன்றில் ஓடியது உண்மைதான். அந்த வண்டிகளுக்குள் இருந்தது வழக்கமான வி8 எஞ்சின், மின்மோட்டார்கூடக் கிடையாது. மேலே உடம்பு மட்டும் சி-எக்ஸ்75.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஜாகுவாரின் வடிவமைப்புத் தலைவராக இருந்த இயன் கேலம் தலைமையில் வரைந்த உடம்பு, 1966இல் ஜாகுவார் ஒன்றே ஒன்று செய்த எக்ஸ்ஜே13 பந்தயக் காரின் சாயலில். அழகு என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் முன்னால் 21 அங்குலச் சக்கரம், பின்னால் 22. செந்தூல் ரயில்வே பாலத்துப் பக்கம் மழைக்குப் பிறகு ஒரு தடவை போய் வந்தால் அந்த ரிம்மின் கதி என்ன என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அகலமான, மெல்லிய ரப்பர் பூட்டிய பெரிய சக்கரம் படத்துக்கு நன்றாக இருக்கும். மின்சாரத்தை ஒவ்வொரு துளியாக எண்ணி ஓட வேண்டிய காருக்கு அது சுமை.

இதற்கு நேர் எதிராக ஒரு காரைச் சொல்கிறேன். 2009 பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் பிஎம்டபிள்யூ விஷன் எஃபிஷியன்ட் டைனமிக்ஸ் என்று ஒரு கான்செப்ட் காட்டியது. 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் டீசல், இரண்டு மின்மோட்டார். காற்றுத் தடை எண் (குறையக் குறைய நல்லது) 0.22. டயர் அகலம் 195 மில்லிமீட்டர்தான், நம் ஊரில் நடுத்தரக் குடும்பக் காரில் பூட்டுகிற அளவு. காற்றுக்கு வழிவிட வேண்டும் என்பதற்காகவே அப்படி ஒல்லியாக வைத்தார்கள். உடம்பின் பின்பகுதியில் தனித்தனி மடிப்புகளுக்கு இடையே காற்று புகுந்து போகும்படி வரைந்திருந்தார்கள். பார்ப்பதற்கு அலங்காரம் மாதிரி இருக்கும், வேலை செய்யும். 2014இல் அது ஐ8 என்று விற்பனைக்கு வந்தபோது டீசல் போய் பெட்ரோல் வந்தது, காற்றுத் தடை எண் 0.26 ஆனது, ஆனால் முன் டயர் அதே 195. கான்செப்ட் காரில் சொன்னதில் இவ்வளவையும் கடைசி வரை காப்பாற்றிக் கொண்டுவந்த கம்பெனி அபூர்வம். அதன் கணக்கும் எனக்குப் பிடிக்கும். பெட்ரோல் எஞ்சின் 231 குதிரைத்திறன், மின்மோட்டார் 131, மொத்தம் 362. பேட்டரி தீர்ந்தாலும் 231 கையில் நிற்கும். சி-எக்ஸ்75இல் நான்கில் ஒரு பங்குதான் நின்றது என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

ஐ8 நம் நாட்டுக்கும் வந்தது. அதைப் பற்றி பட்டறைகளில் இன்றுவரை பேசுவது வேகத்தைப் பற்றி இல்லை, ரோடு டெக்ஸைப் பற்றி. நம் சாலை வரி எஞ்சினின் சிசியை வைத்துப் போடப்படுவதால், தீபகற்ப மலேசியாவில் 1.5 லிட்டர் ஐ8க்கும் பக்கத்து வீட்டு 1.5 லிட்டர் காருக்கும் ஒரே வரி, ஆண்டுக்கு 90 வெள்ளி. கோடீஸ்வரர் வண்டிக்கு 90 வெள்ளி! ஒரு யோசனை எனக்கு அடிக்கடி வரும். சி-எக்ஸ்75 டர்பைனோடு விற்பனைக்கு வந்திருந்தால், சிலிண்டரே இல்லாத எஞ்சினுக்கு எத்தனை சிசி என்று சாலைப் போக்குவரத்து இலாகா கவுண்டரில் என்ன எழுதியிருப்பார்கள்?

சரி, இதையெல்லாம் விட எனக்கு மனக்குறை வேறொன்றில். ஹைப்ரிட் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் நம் தமிழ்ப் பக்கங்கள் ஜெர்மனியையும் இங்கிலாந்தையும் பார்த்து வாயைப் பிளக்கின்றன. அதே 2010இல், அதே ஆண்டு ஜெனிவா கண்காட்சியில், மலேசியாவுக்குச் சொந்தமான ஒரு கம்பெனி இப்படியொரு காரை நிறுத்தியிருந்தது. லோட்டஸ். 1996இல் நம் நாட்டுக் கார் கம்பெனி புரோட்டோன் வாங்கியது, 2017இல்தான் அது கைமாறிப் போனது. நடுவில் இருந்த இருபது ஆண்டுகளில் லோட்டஸ் என்றால் நம்மில் பலருக்கு புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ காரின் பின்னால் ஒட்டியிருந்த ‘ஹேண்ட்லிங் பை லோட்டஸ்’ எழுத்து மட்டும்தான். அந்த ஸ்டிக்கரை அம்பாங்கில் வாங்கி விரா காரில் ஒட்டிக்கொண்டவர்களும் உண்டு.

ஜெனிவாவில் நின்ற அந்தக் காரின் பெயர் எவோரா 414ஈ ஹைப்ரிட். விற்பனைக்கு இருந்த எவோராவின் அலுமினிய உடற்கூட்டை வைத்துக்கொண்டு, டொயோட்டா வி6 எஞ்சினைக் கழற்றிவிட்டு, பின்சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு 152 கிலோவாட் மோட்டார்கள் வைத்தார்கள். இரண்டையும் கூட்டினால் 414 குதிரைத்திறன், பெயரும் அங்கிருந்துதான் வந்தது. மோட்டார் ஒன்றுக்கு 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி மோட்டார் என்பதால், வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்தை மட்டும் கூடுதலாகத் தள்ளிக் காரைத் திருப்பலாம். ஞாயிறு காலையில் உலு யாம் வளைவுகளில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது என்ன மாதிரியான வரப்பிரசாதம் என்று தெரியும். மணிக்கு 96 கிலோமீட்டரை 4 விநாடிக்குள் தொடும் என்றார்கள். மின்சாரத்தில் மட்டும் 56 கிலோமீட்டர். செந்தூலிலிருந்து கிள்ளான் போய்ச் சேர்ந்தும் மிச்சம் இருக்கும்.

இதற்கும் அதே வகுத்தலைப் போட்டேன். பேட்டரி 17 கிலோவாட்-மணி. உள்ளே மின்சாரம் தயாரிக்க லோட்டஸே வடிவமைத்த 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சின், 35 கிலோவாட். முழு மூச்சில் ஓட்டினால் பேட்டரி நான்கு நிமிடம்கூடத் தாங்காது. அதன்பின் மிஞ்சுவது 48 குதிரைத்திறன். பழைய 850 சிசி கஞ்சில் சின்னக் காரைப் பக்கத்தில் வைத்துப் பேசலாம். இதைக் கேட்டுப் பையன்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நெடுஞ்சாலையில் 110இல் சீராகப் போக, தாழ்வான சின்னக் காருக்கு 20 கிலோவாட்டைச் சுற்றித்தான் தேவை. மீதி 15 கிலோவாட் பேட்டரிக்கே திரும்பிப் போகும். வீட்டிலிருந்து ஈப்போ போகிறவருக்கு அந்தச் சின்ன எஞ்சின் தாராளம், முந்தும்போது மட்டும் 414ம் வரும். எஞ்சினைச் சராசரித் தேவைக்கும் பேட்டரியை உச்சத் தேவைக்கும் அளந்து வைத்திருக்கிறார்கள். பந்தயத் தடத்துக்கு அது கார் இல்லை, சாலைக்கு அருமையான கார். இந்த வித்தியாசம் ‘414 குதிரைத்திறன்’ என்ற தலைப்பைப் படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

கெந்திங் மலை ஏற்றத்தை எடுத்துக்கொள்வோம். ஆளோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள காரை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க, உரசலையெல்லாம் விட்டுவிட்டாலும், 4 கிலோவாட்-மணி வேண்டும். நம் சாலையில் ஓடுகிற பழைய சின்ன ஹைப்ரிட்களின் பேட்டரி 1 கிலோவாட்-மணியைச் சுற்றித்தான். வழியில் கோத்தோங் ஜெயா வருவதற்குள் டேஷ்போர்டில் கோடுகள் ஒன்றொன்றாக இறங்கி, எஞ்சின் தனியாக ஊளையிடுவதைக் கேட்டிருப்பீர்கள். 17 கிலோவாட்-மணி வைத்த எவோரா எஞ்சினைத் தொடாமலே மேலே போயிருக்கும். அங்கே மேலேயே சார்ஜ் போட்டு முழுதாக நிரப்பிக்கொண்டு இறங்கினீர்களோ, அது வேறு வம்பு. நிரம்பிய பேட்டரி இறக்கத்தில் வருகிற மின்சாரத்தை வாங்காது, மோட்டார் பிடித்து நிறுத்தும் பிரேக் கிடைக்காது, முழுச் சுமையும் சாதாரண பிரேக் பேட் மீது விழும். கருகல் வாடையோடு கீழே வந்து சேர்கிற வண்டிகளை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எவோரா 414ஈயில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. ஒரே கியர் வைத்த வண்டியில், ஸ்டியரிங்கின் பின்னால் துடுப்பு வைத்து ஏழு கியர் மாறுவது போல் ஒரு நாடகம். கூடவே ஒலிபெருக்கியில் எஞ்சின் சத்தம்: வி6 வேண்டுமா, வி12 வேண்டுமா, விண்வெளிக் கப்பல் மாதிரி வேண்டுமா என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நடந்து போகிறவர்களுக்குக் கார் வருவது தெரிய வெளியே சத்தம் வைப்பது நியாயம். ஓட்டுகிறவரை ஏமாற்ற உள்ளே சத்தம் எதற்கு? ஆனால் பொய்க் கியரைக் கீழே இறக்கினால் மோட்டார் பிரேக் கூடும்படி செய்திருந்தார்கள், அதில் கொஞ்சம் புத்தி இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் கார் விற்பனைக்கு வரவே இல்லை. 2012இல் ஜெனிவாவில் இன்ஃபினிட்டி நிறுவனம் எமர்ஜ்-ஈ என்று ஒரு கான்செப்டை நிறுத்தியது. உள்ளே திறந்து பார்த்தால் எவோராவின் அடித்தளம், இரண்டு மோட்டார், அதே லோட்டஸ் 1.2 எஞ்சின். உலகம் பாராட்டியது இன்ஃபினிட்டியை. அந்த 1.2 எஞ்சினை வைத்து 2010 ஜெனிவாவிலேயே புரோட்டோனும் இமாஸ் என்று ஒரு சின்ன நகரக் கார் கான்செப்டைக் காட்டியிருந்தது, இத்தாலியின் இட்டால்டிசைன் வரைந்தது. அதுவும் மேடையோடு சரி. கையில் இருந்த கம்பெனியில் இவ்வளவு வேலை நடந்திருக்கிறது, நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த மோட்டாரையும் இன்வெர்ட்டரையும் தொட்டுப் பழக வாய்ப்புக் கிடைத்தது என்று நினைத்தால் வயிறு எரிகிறது. தொழிற்பயிற்சி முடித்து என்னிடம் வருகிற பையன்களுக்கு உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற கேபிளைக் கண்டால் கை வைக்கக் கூடாது என்பதே இங்கே வந்துதான் தெரிகிறது.

கான்செப்ட் கார் காட்டாத இன்னொன்று சூடு. போன மாதம் ஓர் அக்கா தன் ஹைப்ரிட் வண்டியோடு வந்தார். “தம்பி, மத்தியானத்துல ஏறவே மாட்டேங்குது, விளக்கு வேற எரியுது. பேட்டரி முழுசா மாத்தணும்னு ஓர் இடத்துல சொல்லிட்டாங்க” என்றார், முகம் வாடிப்போய். ஸ்கேனரைப் போட்டால் பேட்டரிச் சூடு 50 டிகிரியைத் தாண்டி நிற்கிறது. பின்சீட் ஓரத்துப் பலகையைக் கழற்றினேன். பேட்டரிக்குக் காற்று இழுக்கிற வாயில் ஒரு சின்ன சல்லடை உண்டு. அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் வெளிச்சமே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் தடித்த கம்பளி மாதிரி ஒரு படலம், நகத்தால் கிள்ளி இழுத்தால் ஒரே தாளாக உரிந்து வருகிறது. பூனை முடி. வீட்டில் பூனை வளர்க்கிறாராம், அது காரிலும் வருமாம். உள்ளே விசிறியின் இதழ்களிலும் அதே முடி சுற்றிக்கொண்டு, விசிறி சுற்றுகிற சத்தம் கேட்கிறதே தவிர காற்று வரவில்லை. கழுவிக் காயவைத்துப் பூட்டி ஒரு சுற்று ஓட்டியதும் சூடு இறங்கியது, வண்டியும் ஏறியது. பேட்டரி கெட்டுப் போகவில்லை. சூடு கூடினால் கணினி சக்தியைக் குறைத்துவிடும், அவ்வளவுதான் நடந்தது.

இது 1 கிலோவாட்-மணி பேட்டரியின் கதை. 440 கிலோவாட் இழுக்கிற பேட்டரியில் நூற்றுக்கு ஐந்து பங்கு சூடாகப் போனாலே 22 கிலோவாட். வீட்டில் படுக்கையறைக்குப் பூட்டுகிற ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் எட்டை ஒன்றாக ஓட்டினால்தான் அந்தச் சூட்டை வெளியே தள்ள முடியும். அந்த வேலையை 1.2 மீட்டர் உயரமுள்ள உடம்புக்குள் எங்கே வைத்தார்கள், காற்று எந்த ஓட்டையில் நுழைந்து எந்த ஓட்டையில் வெளியேறுகிறது, பிற்பகல் 34 டிகிரி வெயிலில் டூத்தா நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் ஊர்ந்த பிறகு அது என்ன சக்தி தரும்? ஸ்போர்ட்ஸ் காரின் வடிவமைப்பு என்று எழுதும்போது கதவு எப்படித் திறக்கிறது என்பதோடு இதையும் எழுதலாமே. வடிவமைப்பில் பாதி அந்த ஓட்டைகளில்தான் இருக்கிறது.

ஆசிரியர் ஐயா, வாகனப் பக்கத்தை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை, இன்னும் பெரிதாகப் போடுங்கள் என்கிறேன். ஹைப்ரிட்டோ மின்சாரக் காரோ எது வந்தாலும், குதிரைத்திறனுக்குப் பக்கத்திலேயே பேட்டரி எத்தனை கிலோவாட்-மணி என்று போடுங்கள். பேட்டரி தீர்ந்தபின் மிஞ்சும் சக்தி எவ்வளவு என்று இன்னொரு வரி. கம்பெனி அதைக் கொடுக்கவில்லை என்றால் ‘கொடுக்கவில்லை’ என்றே அச்சிடுங்கள். வாசகர்கள் வகுத்துப் பார்த்துக்கொள்வார்கள். கான்செப்ட் என்றால் அது பிறகு விற்பனைக்கு வந்ததா, இல்லையா என்பதும் வேண்டும்.

உங்கள் நிருபர் யாராவது வந்தால், பழுதான ஹைப்ரிட் பேட்டரி ஒன்றை மேசையில் பிரித்தே வைத்திருக்கிறேன், செல் செல்லாகப் பார்க்கலாம், படமும் எடுக்கலாம். ரப்பர் கையுறை நான் தருகிறேன், மோதிரம், சங்கிலி எதுவும் போட்டுக்கொண்டு வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஞாயிறு கடை மூடல். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் தவிர்க்கட்டும், எங்கள் வரிசையில் காடி நிறுத்த இடமே கிடைக்காது.

இப்படிக்கு,
வயரிங் பட்டறைக்கார வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்.